வண்டி ஏன் தாமதம்? மூட்டை ஏன் பாரம்?

இரயில் வண்டி தாமதமாக வருவதைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் வேடிக்கைத் துணுக்குகளுக்குக் கணக்கில்லை. குறித்த நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றதாம். பயணிகள் வியந்து பாராட்டினராம். "இது நேற்று வரவேண்டிய வண்டி" என்றாராம் நிலைய அதிகாரி. இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் வண்டி ஏன் தாமதமாகிறது, ஒருமுறை தாமதமான வண்டி ஏன் மேலும் மேலும் தாமதமாகிறது என்று கேட்டால் நம்மில் பலரிடம் விடையில்லை. "ஓட்டுநர் மெதுவாக ஓட்டுகிறார்" என்பதற்கு மேல் யாரும் சொல்வதில்லை.

நான் பொருளாதாரம் கற்பிப்பவன். இரயில்வேக்கும் எனக்கும் பயணச்சீட்டு அளவில்தான் உறவு. எனினும் என் தாய்மாமன் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் அவர் பணியாற்றிய நிலையங்களில் விடுமுறைகளைக் கழித்தவன் நான். அவரிடம் கேட்டறிந்த பாடம் ஒருபுறம். 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் அசாமின் குவஹாத்தியிலிருந்து சேலம் வரை 11 உருப்படிச் சாமான்களோடு நாங்கள் நால்வர் வந்த பயணம் மறுபுறம். இரண்டும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பயணத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, மத்திய அரசு அலுவலில் 29 ஆண்டுகள் அசாமிலேயே இருந்தவர். மே மாத இறுதியில் ஓய்வு பெற்றார். குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டும். வீட்டைக் காலி செய்ய உதவியாக நான் சென்றிருந்தேன். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நம் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். கலந்தாய்வுக்குத் திங்கட்கிழமை காலை 9.30 மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும் என்று அழைப்பு. எங்களுக்குப் படுக்கை கிடைத்த வண்டியோ வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு பிற்பகல் 3.50க்குச் சேலம் சேர்வது. தொலைவு மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவே இருந்த இடைவெளி பதினேழரை மணி நேரம்.

பதினேழரை மணி நேரம் போதாதா என்று கேட்கலாம். அசாம் பாதையின் வரலாறு அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

1947இல் நாடு பிரிவினையானபோது, கல்கத்தாவிலிருந்து வட வங்காளத்துக்கும் அசாமுக்கும் சென்ற பாதைகளின் நடுப்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போய்விட்டது. இந்தியாவுக்குள்ளேயே இருந்த அசாமுக்கு இந்தியாவுக்குள்ளேயே செல்ல இருப்புப்பாதை இல்லை! ஆறுகள் நிறைந்த மலையடிவாரத்தில் அவசரம் அவசரமாக ஒரு மீட்டர் பாதை போடப்பட்டு 1950 ஜனவரியில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. அசாம் இணைப்புப் பாதை என்று அதற்குப் பெயர். பீகாரின் கிஷன்கஞ்ச் பக்கத்திலிருந்து அசாமின் பகிராகிராம் வரை சென்ற பாதை அது. அப்போதும் கங்கையின் குறுக்கே அந்தப் பக்கத்தில் பாலம் கிடையாது. தெற்கிலிருந்து செல்பவர் சக்ரிகலி காட் என்ற துறையில் இறங்கி, நீராவிப் படகில் ஏறி, அக்கரையில் மணிஹாரி காட்டில் இறங்கி, மணலில் நடந்து மீட்டர் பாதை வண்டியைப் பிடிக்க வேண்டும். பின்னர் பிரம்மபுத்திரைக் கரையில் ஆமின்காவ்ன் என்ற இடத்தில் இறங்கி மீண்டும் படகு, அக்கரையில் பாண்டு. சராய்காட் பாலம் 1962இல் முடிந்த பிறகே பிரம்மபுத்திரைப் படகு நின்றது. பராக்கா அணையின் மேல் இரயில் ஓடத் தொடங்கிய பின்னரே கங்கைப் படகும் நின்றது.

அண்ணனுக்கு முன்பு அதே அலுவலகத்தில் இருந்த தமிழர் ஒருவர், முதன்முதலாக 1950களில் அங்கே சென்ற கதையைச் சொல்லுவாராம். சென்னையிலிருந்து போய்ச் சேர ஐந்து இடத்தில் சாமான்களை இறக்கி ஏற்றினாராம். நான்காவது இடத்தில் அவருடைய ஆட்டுக்கல்லைச் சுமந்த கூலியாள், "பாபு, உங்கள் நாட்டில் கல்லைத் தின்கிறார்களா?" என்று கேட்டானாம்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கும் இந்த இறக்கி ஏற்றும் தொல்லை புதிதன்று. சென்னை சென்ட்ரலிலிருந்து அகலப் பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் பாதை. ஒன்றின் அகலம் 1,676 மில்லிமீட்டர். மற்றதன் அகலம் 1,000 மில்லிமீட்டர். இந்த இரண்டடிக்கும் மேற்பட்ட வேறுபாட்டின் காரணமாகத் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் பெட்டி படுக்கைகளை நள்ளிரவில் பிளாட்பாரம் பிளாட்பாரமாக மாற்றினர். நாடெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992இல் தொடங்கிய பிறகே அது குறைந்தது. இன்று குவஹாத்தியில் ஏற்றிய மூட்டையைச் சேலத்தில்தான் தொடவேண்டும். இது எவ்வளவு பெரிய வசதி என்பதை இளைஞர்கள் உணர வாய்ப்பில்லை.

இனி மூட்டைக் கணக்கு. படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. குளிர்சாதன மூன்றடுக்கில் 40, இரண்டடுக்கில் 50, முதல் வகுப்பில் 70. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இதில் பாதி. இதற்கு மேற்பட்டதை நிலையத்தில் எடை போட்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் சாமான் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு. பதிவு செய்யாமல் வழியில் பிடிபட்டால் ஆறு மடங்கு. பெட்டியின் நீள அகலத்துக்கும் வரம்பு உண்டு. 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்கு மேற்பட்ட டிரங்குப் பெட்டி சரக்கறைக்குத்தான் போகவேண்டும். இவையெல்லாம் விதிப் புத்தகத்தில் உள்ளவை. நடைமுறையில் எடை பார்ப்பவர் அரிது என்பதால் இவற்றை அறிந்தவரும் அரிது.

எங்கள் பதினொரு உருப்படிகளின் எடை 212 கிலோ. நால்வருக்கு 160 கிலோ இலவசம். மிகுதி 52. அண்ணனோ விதிக்கு அஞ்சும் மனிதர். இரண்டு நாள் முன்பே பார்சல் அலுவலகம் சென்று விசாரித்தார். தையல் இயந்திரம், மாவரைக்கும் கிரைண்டர், ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகங்கள் ஆகிய மூன்றையும் சரக்கறையில் போடுவது என்று முடிவாயிற்று. பாத்திரப் பெட்டி, துணிப் பெட்டிகள், படுக்கைச் சுருள், அரிசிச் சாக்கில் கட்டிய சில்லறைச் சாமான் என எட்டு உருப்படி எங்களோடு.

கிரைண்டரை அங்கேயே விற்றுவிடலாம் என்று நான் சொன்னது உண்மை. அண்ணி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "தம்பி, இருபத்தாறு வருஷம் இந்த ஊர்ல இட்டிலி தின்னோம்னா அது இந்தக் கல்லாலதான். இதை விட்டுட்டு நான் வரமாட்டேன்." கோயம்புத்தூரில் வாங்கி, மூவாயிரம் கிலோமீட்டர் சென்ற கல் அது. அதற்கு மேல் வாதிட என்ன இருக்கிறது?

சரக்கறைக்குப் போகும் ஒவ்வொரு பொதியின் மீதும் பழைய அடையாளங்களை அழித்துவிட்டு, அனுப்பும் நிலையம், சேரும் நிலையம், உரியவர் பெயர், முகவரி எல்லாம் எழுதவேண்டும். நிலையங்களுக்குக் குறியெழுத்து உண்டு. குவஹாத்திக்கு ஜி.எச்.ஒய்.; சேலத்துக்கு எஸ்.ஏ. சணல் சாக்கின் மேல் அதைப் பெரிதாக எழுதித் தந்தனர். மாணவ நண்பர்கள் ஒன்றை நினைவில் கொள்ளல் நலம். பணம், நகை, சான்றிதழ் ஆகியவற்றை ஒருபோதும் சரக்கறைப் பொதியில் வைக்கலாகாது. பொதி நம்மோடு அதே வண்டியில் வந்தாலும் நம் கைக்கு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. என் மகள் முறையான அந்தப் பெண், மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் ஒரு துணிப்பையில் வைத்துக் கழுத்தில் மாட்டியவள், சேலம் வரை கழற்றவே இல்லை.

வண்டி குவஹாத்தியில் குறித்த நேரத்தில் புறப்பட்டது. மாலையில் வட வங்காளத்தைக் கடக்கும்போது ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். கங்கையைக் கடந்தபோது இரண்டு மணி நேரம். சனிக்கிழமை காலை ஒரிசா எல்லையில் நான்கு மணி நேரம். எந்த இடத்திலும் விபத்து இல்லை, மழை இல்லை, எஞ்சின் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. பின் எங்கே போயிற்று அந்த நேரம்?

இங்குதான் மாமாவின் பாடம் வருகிறது. இருப்புப்பாதை சாலை போன்றதன்று. முன்னே செல்வதை விலகி முந்த முடியாது. பாதை முழுவதும் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்வண்டி அப்பகுதியைக் கடந்தது உறுதியான பிறகே பின்வண்டிக்குக் கைகாட்டி இறங்கும். இன்று பச்சை விளக்கு எரியும். ஒற்றைப் பாதையில் இதற்கு இன்னும் கடுமையான ஏற்பாடு இருந்தது. பூட்டிய கருவியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, பிரம்பு வளையத்தோடு கூடிய பையில் போட்டு ஓட்டுநரிடம் கொடுப்பர். அந்த உருண்டை கையில் இல்லாமல் அவர் அடுத்த பகுதிக்குள் நுழையலாகாது. ஓடும் வண்டியிலிருந்து கை நீட்டி அந்த வளையத்தை வாங்குவதைச் சிறுவனாக நின்று பார்த்ததுண்டு. அதைவிட வீரச்செயல் உலகில் இல்லை என்று அன்று எண்ணினேன்.

ஆக, ஒவ்வொரு வண்டிக்கும் இன்ன பகுதியை இன்ன நிமிடத்தில் கடக்கலாம் என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெரிய தாள் இருக்கும். குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்கோடு. வேகமான வண்டியின் கோடு செங்குத்தாக இருக்கும். சரக்கு வண்டியின் கோடு படுத்திருக்கும். முன்பு பென்சிலால் வரைந்தனர்; இப்போது கணிப்பொறித் திரையில் வரைகிறது. ஒரே தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளில் ஒன்றின் கோடு இன்னொன்றின் கோட்டை நிலையத்தில்தான் வெட்டலாம். நடுவழியில் வெட்டினால் அதற்கு விபத்து என்று பெயர்.

இப்போது ஒரு வண்டி நாற்பது நிமிடம் பிந்திவிட்டது என்று கொள்வோம். அதற்கு ஒதுக்கிய இடம் போய்விட்டது. அது வரும் நேரத்தில் அந்தப் பாதை வேறு வண்டிக்கு உரியது. அந்த வேறு வண்டி சரியான நேரத்தில் ஓடுகிறது. பிந்திய வண்டிக்காக அதை நிறுத்தினால் அதுவும் பிந்தும். அதன் பின்னால் வருவதும் பிந்தும். எனவே கட்டுப்பாட்டாளர் என்ன செய்வார்? பிந்தியதை ஒரு நிலையத்தின் லூப் லைனில் ஒதுக்கி நிறுத்தி மற்றதை விடுவார். ஒன்றைக் காப்பாற்ற ஒன்பதைக் கெடுப்பதா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்; லூப் லைனில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அது நியாயமாகப் படாது.

அப்படி ஒதுங்குவதே நேரத்தை விழுங்கும். இருபத்திரண்டு பெட்டி கொண்ட வண்டி அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமும் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையும் உடையது. லூப் லைனுக்குள் திரும்பும் இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்தான். பழைய அமைப்புகளில் 15. முழு நீளமும் உள்ளே வரவேண்டும்; நிற்கவேண்டும்; பிறகு மீண்டும் அதே மெதுவான வேகத்தில் முழுவதும் வெளியே வந்து, பழைய வேகத்தைப் பிடிக்கவேண்டும். பத்து நிமிடம் நின்ற வண்டி பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழந்திருக்கும். அந்த இழப்பில் அடுத்த இடமும் பறிபோகும். ஏழைக்கு வட்டி ஏறுவது போல. பொருளாதார ஆசிரியன் என்பதால் எனக்கு இந்த உவமைதான் தோன்றுகிறது. கடன் வாங்கியவன் மேலும் கடன் வாங்குவதும், பிந்திய வண்டி மேலும் பிந்துவதும் ஒரே கணக்கு.

பாதைகளில் நெரிசல் ஏன் என்பதையும் சொல்லவேண்டும். தில்லி, மும்பை, சென்னை, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் பெரும் பாதைகள் நாட்டின் மொத்தப் பாதை நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. ஆனால் பயணிகள் போக்குவரத்திலும் சரக்குப் போக்குவரத்திலும் பாதிக்கு மேற்பட்டதை அவைதாம் சுமக்கின்றன. நாங்கள் வந்த கீழ்க்கரைப் பாதை அவற்றில் ஒன்று. நிலக்கரியும் இரும்புத் தாதும் அந்தத் தண்டவாளத்தில்தான் துறைமுகங்களுக்குப் போகவேண்டும். இரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. நம் பயணச்சீட்டு விலை அடக்கச் செலவைவிடக் குறைவு. குறைவதைச் சரக்கு வண்டி ஈடு செய்கிறது. ஆகவே சன்னல் வழியே நிலக்கரி வண்டி முந்திச் செல்வதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பவர், அந்த வண்டிதான் தம் சீட்டுக்கு ஒரு பங்கு பணம் கொடுத்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். (எண்ணிப் பார்த்தேன். பல்லைக் கடிப்பது நிற்கவில்லை.)

சனிக்கிழமை பாலசோருக்கு அருகே பகனாகா பஜார் என்ற சிறு நிலையத்தை வண்டி மெதுவாகக் கடந்தது. அதுவரை தாமதத்தைப் பற்றி உரக்கப் பேசிக் கொண்டிருந்த பெட்டி அமைதியாயிற்று. 2023 ஜூன் 2ஆம் நாள் மாலை அங்கே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி, நேர்ப் பாதையில் போக வேண்டியது, லூப் லைனுக்குள் திருப்பப்பட்டு நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள் எதிரே வந்த மற்றொரு வண்டியின் மீதும் மோதின. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் இணைப்புகளில் செய்த வேலையில் ஏற்பட்ட பிழை காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பச்சை விளக்கைப் பார்த்த ஓட்டுநர் மீது குற்றமில்லை. அவ்வழியே கடந்து செல்லும்போதுதான் மாமா அடிக்கடி சொல்லும் ஒரு விதி என் நினைவுக்கு வந்தது. தானியங்கி சிக்னல் சிவப்பாகவே நின்றுவிட்டால் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் முழுவதும் நிற்கவேண்டும். பிறகு மிக எச்சரிக்கையாக, முன்னே நன்கு தெரிந்தாலும் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல், அடுத்த சிக்னல் வரை ஊர்ந்து செல்லவேண்டும். தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை இன்ன வேகம் என்று ஓட்டுநருக்கு எழுத்து மூலம் உத்தரவு உண்டு. இவையும் தாமதம்தான். நான்கு மணி நேரத்தில் இவற்றின் பங்கு எவ்வளவு, நெரிசலின் பங்கு எவ்வளவு என்று பயணியால் பிரித்தறிய முடியாது. எனவே தாமதம் என்றாலே சோம்பல் என்று தீர்ப்புச் சொல்வதற்கு எனக்கு உடன்பாடில்லை. ஒலிபெருக்கியில் "வருந்துகிறோம்" என்று சொல்லும்போது காரணத்தையும் சொன்னால் என்ன என்பதே என் குறை.

விசாகப்பட்டினம் சேர்ந்தபோது ஆறரை மணி நேரம் தாமதம். அங்கே ஒரு புதுமை உண்டு. அந்நிலையம் நேர்ப் பாதையில் இல்லை. ஒதுங்கி உள்ளே இருக்கிறது. வடக்கிலிருந்து உள்ளே வரும் வண்டி, வந்த பக்கமாகவே வெளியேறித் தெற்கே திரும்பவேண்டும். ஆகவே எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவர். உள்ளே வரும்போது எஞ்சினிலிருந்து மூன்றாவதாக இருந்த எங்கள் பெட்டி, வெளியேறும்போது கடைசியிலிருந்து மூன்றாவது. முகம் நோக்கிச் சென்றவர்கள் முதுகு காட்டிச் சென்றனர். சிறுவர்களுக்கு இது வேடிக்கை. மூட்டை உடையவனுக்கோ இது கணக்கு. சேலத்தில் சில நிமிடமே வண்டி நிற்கும். எங்கள் பெட்டி பிளாட்பாரத்தின் எந்த முனையில் நிற்கும், சரக்கறை எந்த முனையில் நிற்கும் என்பது முன்பே தெரிந்தால்தான் எட்டு உருப்படிகளை இறக்க முடியும். அண்ணன் ஒரு காகிதத்தில் படம் வரைந்து வைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று நிலைமை நெருக்கடியாயிற்று. கழுவுமிடத்தில் நீர் நின்றுபோயிற்று. பெட்டிகளுக்குக் குறித்த நிலையங்களில்தான் நீர் நிரப்புவர். வண்டி பிந்தினால் அடுத்த நீர் நிலையமும் பிந்தும். அண்ணி கட்டிவந்த புளிச்சோறு சனி இரவோடு தீர்ந்தது. காலை 10 மணிக்கு ஒன்பது மணி நேரத் தாமதம் என்று பக்கத்துப் பயணியின் கைப்பேசி காட்டியது. துணிப்பையை அணைத்தபடி மேல்படுக்கையில் இருந்த பெண் கேட்டாள்: "சித்தப்பா, திங்கட்கிழமைக்குப் போய்ச் சேருவமா?" சேருவோம் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்றால், கால அட்டவணையின் ஒரு மறைபொருளை வைத்து.

ஏதேனும் ஒரு நீண்ட தொலைவு வண்டியின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நிலையத்துக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அதே வண்டி எதிர்த்திசையில் புறப்பட்டு அதே தொலைவைக் கடக்க எவ்வளவு நேரம் என்றும் பாருங்கள். போகும்போது அரை மணியில் கடக்கும் தொலைவுக்கு வரும்போது ஒரு மணிக்கு மேல் கொடுத்திருப்பார்கள். இழந்ததை ஈடுகட்ட வைத்த உபரி நேரம் அது. நேரம் தவறாமை கணக்கிடப்படுவது பெரும்பாலும் கடைசி நிலையத்தில் வந்து சேரும் நேரத்தை வைத்தே. எனவே நடுவழி நிலையங்களில் ஒரு மணி பிந்தும் வண்டி, கடைசியில் "சரியான நேரம்" என்று பெயர் எடுக்கலாம். கடைசி ஊர்க்காரருக்கு நன்மை; நடுவழியில் இறங்குபவருக்கு இதில் பங்கில்லை. ஆனால் இத்தகைய உபரி, கோட்டத்துக்குக் கோட்டம் கைமாறும் இடங்களிலும் சிறிது சிறிதாக உண்டு. ஆந்திரத்தைக் கடந்து தெற்கே வருவதற்குள் எங்கள் தாமதம் மேலும் பெரிதாக ஏறாது என்பது என் ஊகம். அப்படியே ஆயிற்று. கூடூரில் பத்தேகால் மணி நேரம் பிந்தியிருந்த வண்டி, காட்பாடியில் ஒன்பதே முக்கால்.

இந்த இடத்தில் மாணவர்களுக்குப் பயன்படும் இரு செய்திகள். புறப்படும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தினால், பயணம் செய்யாமல் முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். ஆனால் வண்டி புறப்படுமுன் அதற்குரிய முறையில் பதிவு செய்யவேண்டும். இரண்டாவது, ஒரு வண்டியில் வந்து மற்றொரு வண்டி மாறுபவர் இரு முன்பதிவுகளையும் இணைத்துப் பதிவு செய்யும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது. முதல் வண்டி பிந்தியதால் இரண்டாவது தவறிப்போனால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பும். இவ்வசதிகளை அறியாமல் இழப்பவர் பலர்.

சேலம் சேர்ந்தபோது நள்ளிரவு கடந்து 1.35. அந்த நேரத்தில்தான் மூட்டையின் உண்மையான பாரம் தெரிந்தது. பிற்பகல் 3.50க்கு வந்திருந்தால் உறவினர் நால்வர் வந்திருப்பர், வேன் காத்திருக்கும், பேருந்து இருக்கும். 212 கிலோ ஒரு பொருட்டே இல்லை. இரவு ஒன்றரை மணிக்கு அதே 212 கிலோ வேறொரு பொருள். மாலை வந்திருந்த உறவினரை நாங்களே தொலைபேசியில் திருப்பி அனுப்பிவிட்டோம்.

சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாகப் போர்ட்டர் ஒருவர் மட்டும் இருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். 40 கிலோ ஒரு தலைச்சுமை என்று கட்டணப் பலகை சொல்லும். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துப் பாத்திரப் பெட்டியை ஏற்றிக்கொண்டார். இந்த வண்டிக்காகப் பிற்பகலிலிருந்து மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். வண்டி பிந்தினால் பயணிக்குப் பணம் திரும்ப வழி உண்டு. அவருக்கு அந்த நாள் கூலி போனது போனதுதான். 2008ஆம் ஆண்டு இரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் உரிமம் பெற்ற போர்ட்டர்களை இரயில்வே வேலைகளில் எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு வந்தபோது பலர் போனார்கள். 2016இல் "சகாயக்" என்று பெயரும் மாற்றினார்கள். பெயர் மாறியதால் என்ன கூடியது என்று கேட்டேன். "உருளை வெச்ச பெட்டி வந்தப்புறம் எங்களுக்கு வேலையே பாதிங்க. உங்களாட்டம் டிரங்குப் பெட்டியோட வர்றவங்க இப்ப யாருங்க சார்?" என்றார். அதில் நன்றியும் இருந்தது. கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

சரக்கறையிலிருந்து மூன்று பொதிகளையும் இறக்கிவிட்டார்கள் என்பதை அண்ணன் ஓடிப் போய்ப் பார்த்து வந்தார். படம் வரைந்தது வீண் போகவில்லை. ஆனால் மற்ற எட்டு? சாமான் பாதுகாப்பு அறையில் பூட்டிய பெட்டிகளைத்தான் ஏற்பார்கள். கயிற்றால் கட்டிய படுக்கைச் சுருளும் சாக்குகளும் பூட்டில்லாதவை. மூன்று பெட்டிகள் உள்ளே போயின. ஐந்து மூட்டைகள் எங்களோடு நின்றன. மூட்டை இருக்கும் இடத்தில் ஆள் இருக்கவேண்டும். ஆகவே காலையில் யார் கல்லூரிக்குப் போவது என்பதையும் மூட்டைகளே தீர்மானித்தன. மகளின் கலந்தாய்வுக்கு உடன் செல்லவேண்டும் என்பதற்காகவே ஓய்வு பெற்ற மறுவாரமே புறப்பட்ட அண்ணன், காத்திருப்பு அறையில் ஐந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அண்ணிக்கு இரண்டு இரவுத் தூக்கமின்மையால் தலைசுற்றல். நானும் பெண்ணும் அங்கேயே முகம் கழுவி, முதல் பேருந்தைப் பிடித்தோம்.

எட்டரை மணிக்கே கல்லூரி வாயிலில் நின்றோம். வெளியூர்களிலிருந்து பேருந்தில் வந்த பிள்ளைகள் எங்களுக்கு முன்பே வரிசையில் இருந்தனர். துணிப்பையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சான்றிதழ்களை மேசைமேல் அவள் அடுக்கியபோது, சரிபார்த்த ஆசிரியர் அசாம் பள்ளியின் முத்திரையைப் பார்த்துவிட்டு, "எப்போதம்மா வந்தீர்கள்?" என்று கேட்டார். "இன்னைக்கு ராத்திரி ஒன்னரைக்கு" என்றாள். பதினோரு மணிக்கு இளங்கலைப் பொருளியலில் இடம் கிடைத்தது. அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "மூட்டையை யாரிடமாவது பார்த்துக்கச் சொல்லிட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

மாலையில் பார்சல் அலுவலகம் சென்று, இரசீதைக் கொடுத்து, மூன்று பொதிகளையும் எடுத்தோம். தையல் இயந்திரத்தின் மரப்பலகை ஓர் ஓரம் பெயர்ந்திருந்தது. புத்தகப் பெட்டி நலம். கிரைண்டரின் சாக்கைப் பிரித்து அண்ணி கல்லைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. அன்றிரவே அரிசி ஊறப்போட்டார்.